மணலும் சுவடியும்: பெல்லாரி அறிக்கையும் (1823) தொடக்க வாசிப்புக்கான ஆசிரியர் பயிற்சியும்

சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் ஒரு குறிப்பாணை எழுதினார். மாகாணத்தின் ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் எத்தனை பேர் பயில்கின்றனர், பயில்வோர் எவ்வெவ் வகுப்பினர் என்பனவற்றைக் கலெக்டர்கள் கணக்கெடுத்து அனுப்பவேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த மூன்றாண்டுகளில் வந்து சேர்ந்த விடைகளுள் பெரும்பாலானவை அட்டவணைகளே. அட்டவணையோடு நில்லாமல், ஒரு குழந்தை எழுத்தறியத் தொடங்குவது முதல் பள்ளியை விட்டு நீங்குவது வரை நிகழ்வன அனைத்தையும் நுணுகி எழுதிய கலெக்டர் ஒருவரே முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர். அவர் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்பெல். 1823ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாளிட்ட அவருடைய அறிக்கை, தென்னிந்தியாவில் தொடக்க வாசிப்பு எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதற்குக் கிடைக்கும் மிக விரிவான சான்றுகளுள் ஒன்றாகும்.

காம்பெல் தமிழாய்வாளர்களுக்குப் புதியவர் அல்லர். 1816இல் வெளிவந்த அவருடைய தெலுங்கு இலக்கண நூலில்தான் எஃப்.டபிள்யூ. எல்லிஸ் எழுதிய, தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பத்தைச் சார்ந்தவை என நிறுவும் குறிப்பு இடம்பெற்றது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்துக்கு நாற்பது ஆண்டுகள் முற்பட்ட அக்குறிப்பைப் பற்றிப் பேசுவோர், அதனைத் தாங்கிய நூலின் ஆசிரியரைப் பெரும்பாலும் பெயரளவில் கடந்துவிடுகின்றனர். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் செயலாளராகவும் பணியாற்றிய காம்பெல், மொழி கற்பித்தலை நேரிற் கண்டு பழகியவர். ஆதலின் பெல்லாரிப் பள்ளிகளை அவர் வருவாய் அதிகாரியின் கண்கொண்டு மட்டும் நோக்கவில்லை.

பெல்லாரி ஜில்லாவில் அவர் கணக்கிட்ட பள்ளிகள் 533. அவற்றுள் கன்னடப் பள்ளிகள் 235, தெலுங்குப் பள்ளிகள் 226, மராட்டிப் பள்ளிகள் 23, வடமொழிப் பள்ளிகள் 23, பாரசீகப் பள்ளிகள் 21, தமிழ்ப் பள்ளிகள் 4, ஆங்கிலப் பள்ளி 1. மாணாக்கர் தொகை 6,641. இவருள் இந்துப் பெண்குழந்தைகள் 60 பேர். ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் வாழ்ந்த ஜில்லாவில் பள்ளி செல்வோர் ஏழாயிரத்தையும் எட்டவில்லை என்பதைக் காம்பெல் வருத்தத்தோடு பதிவு செய்கின்றார்.

பெல்லாரிப் பள்ளியின் நடைமுறை

ஐந்தாம் வயதில் கல்வி தொடங்கும். ஆசிரியரும் மாணவர்களும் குழந்தையின் இல்லத்துக்கு அழைக்கப்படுவர். பிள்ளையார் உருவத்தைச் சுற்றி அனைவரும் அமர, ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதச் செய்வார். மறுநாள் முதல் பள்ளி. காலை ஆறு மணிக்குப் பள்ளி திறக்கும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது வருபவனுக்குச் சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பின்னர் வருவோர்க்கு ஒவ்வொன்றாக ஏறும். தமிழகத்துத் திண்ணைப்பள்ளி பற்றிய நினைவுக் குறிப்புகளைப் படித்தோர்க்கு இக்காட்சி அயலானதாகத் தோன்றாது.

எழுத்தறிமுகம் பற்றிக் காம்பெல் கூறுவது கூர்ந்து நோக்கத்தக்கது. ஐரோப்பியரைப் போல எழுத்துகளின் பெயரை வாயால் ஒப்பித்து இங்குள்ள குழந்தை கற்பதில்லை. தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதியே கற்கின்றது என்கின்றார். அதாவது எழுதுதல் முன்னது, வாசித்தல் பின்னது. மணலில் கை திருந்திய பின்னர்ப் பனையோலையில் எழுத்தாணியாலோ தாளில் நாணற்கோலாலோ எழுத இசைவு கிடைக்கும். ஆயினும் பெல்லாரியில் மிகுதியும் வழங்கியவை வேறு இரண்டு. ஒன்று, ஓரடி அகலமும் மூன்றடி நீளமும் உடைய, கரிப்பொடி பூசிய பலகை. மற்றொன்று ‘கடதம்’, அரிசிக் கஞ்சியில் விறைப்பாக்கிய துணியைப் புத்தகம்போல் மடித்து, கரியும் பிசினும் கலந்து பூசியது. இவற்றின் மீது பலப்பத்தால் எழுதி ஈரத்துணியால் அழித்துவிடலாம். பலப்பம் என்னும் சொல் கன்னடத்திலும் சிறிது திரிந்து வழங்குகின்றது. இரு நாட்டுப் பள்ளிகளும் ஒரே கருவியைக் கையாண்டமைக்கு இச்சொல்லும் ஒரு சான்று.

அடுத்த படிநிலைகளையும் அவர் வரிசைப்படுத்துகின்றார். தனியெழுத்துகள் கைவந்தபின் உயிரின் குறியீடுகள் மெய்யோடு கூடும் முறை. அதன்பின் ஆட்களின் பெயர்கள், ஊர்ப்பெயர்கள், விலங்குகளின் பெயர்கள். இறுதியாக எண்குறிகளும் வாய்பாடுகளும். எழுத்துக்கூட்டல் முடிந்த உடனே குழந்தையின் கைக்கு வருவது அதற்கு நன்கு தெரிந்த பெயர்களே என்பது இவ்வரிசையின் சிறப்பு. எழுத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இங்குத் தடையின்றி அமைகின்றது. தன் ஊரின் பெயரை எழுதி வாசிக்கும் குழந்தைக்கு அது பொருளற்ற ஒலியாக இராது.

பள்ளியில் பொதுவாக நான்கு வகுப்புகள். கீழ்வகுப்புகளைச் சட்டாம்பிள்ளைகள் கவனிக்க, மேல்வகுப்பினர் ஆசிரியரின் நேர்ப்பார்வையில் இருப்பர். அவர் கண் எல்லோர் மீதும் இருக்கும். ஒரு பிள்ளை ஒரு வகுப்பிலிருந்து மற்றொன்றுக்கு ஏறுவது ஆண்டுக் கணக்கால் அன்று, தன் திறத்தால். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் இச்சிக்கன முறையைக் காம்பெல் மனமாரப் பாராட்டுகின்றார். இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதுகின்றார்.

எழும்பூரில் நிகழ்ந்தது

இங்கிலாந்து பின்பற்றியது என்பது வெற்றுப் புகழ்ச்சி அன்று. 1789இல் எழும்பூரில் ஏற்பட்ட இராணுவ ஆண் அனாதைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். ‘மலபார்’ப் பள்ளி என அக்கால ஆங்கிலேயர் குறித்தது தமிழ்ப் பள்ளியையே. அம்முறையைத் தம் காப்பகத்தில் ஆங்கில எழுத்துகளுக்குக் கையாளுமாறு உதவியாசிரியர்களைப் பணித்தார். அவர்கள் உடன்படவில்லை. பின்னர் ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பொறுப்பை ஒப்படைக்க, அவன் அதனைச் செய்துகாட்டினான். 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட சிறு நூல் இச்சோதனையை விளக்கியது. ஜோசப் லங்காஸ்டர் தம் பள்ளியில் இதனையொத்த முறையைப் பெருக்கினார். 1811இல் இங்கிலாந்தில் தோன்றிய தேசியக் கல்விக் கழகம் பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பியது. ‘மெட்ராஸ் முறை’ என்றே அது வழங்கப்பட்டது.

மெட்ராஸ் முறை இங்கிலாந்தைச் சென்றடைந்தபோது அதன் ஒரு பாதி மட்டுமே சென்றது என்பதை இங்குச் சுட்டவேண்டும். பெல் கண்டது மணலையும் சட்டாம்பிள்ளையையும். ஆசிரியருக்கும் ஊருக்கும் இருந்த உறவு, திண்ணை அளவினதாகிய சிறு கூட்டம், பிள்ளையின் வீட்டிலிருந்து வந்த நெல்லும் காசும் ஆகியவை கப்பலேறவில்லை. ஆகவே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அமர்த்தி, ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் கற்பிக்கும் மலிவான பொறியாக அது மாறியது. பின்னர் அதே பொறி புதுமுறை என்னும் பெயருடன் இந்தியாவுக்குத் திரும்பியது. 1814இல் வங்காளத்துச் சின்சுராவில் பள்ளி தொடங்கிய இராபர்ட் மே இம்முறையையே பின்பற்றினார்.

பொருளறியா வாசிப்பு

காம்பெல்லின் பாராட்டு இவ்வளவில் நின்றுவிடுகின்றது. பள்ளிகளின் தலையாய குறைகள் இரண்டு என்கின்றார்: பயிற்றப்படும் நூல்கள், தகுதிவாய்ந்த ஆசிரியர் இன்மை. இராமாயணம், மகாபாரதம், பாகவதம் முதலிய நூல்களைப் பிள்ளைகள் ஓதினர். பஞ்சதந்திரக் கதைகளும் இருந்தன. இவை செய்யுள் நடையின. செய்யுள் வழக்கு பேச்சு வழக்கினின்றும் வெகுவாக வேறுபட்டது. எழுத்துகள் ஒன்றே ஆதலால், ஒன்றை வாசிக்கக் கற்றவன் மற்றொன்றையும் வாசித்துவிடுவான். ஆனால் பொருள் விளங்காது. பல ஆசிரியர்களுக்கே விளக்கவியலாத பாடல்களை மாணவர் ஒப்பித்தனர் என்று கூறுமிடத்தில் அவர் கிளிப்பிள்ளை உவமையைக் கையாளுகின்றார். ஒலிக்கத் தெரிந்தும் உணரத் தெரியாமையே இன்றைய தொடக்கக் கல்வி ஆய்வுகளின் நடுவில் நிற்கும் சிக்கல். அதனை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜில்லா அளவில் எழுத்தில் வைத்தவர் என்னும் சிறப்பு காம்பெல்லுக்கு உரியது.

ஆயின் அவர் கூறியது பாதி உண்மையே எனத் தோன்றுகின்றது. திண்ணைப்பள்ளியில் மனனம் என்பது வெறும் சேமிப்பு அன்று. அதுவே கற்கும் வழியாக அமைந்தது என்பதைத் தமிழகத்து எண்சுவடிகளை ஆராய்ந்த செந்தில் பாபு விரிவாக நிறுவியுள்ளார். கொன்றை வேந்தனை முதலில் ஓதி, பிறகு நிகண்டு கற்று, பின்னர் உரை கேட்டு, பல ஆண்டுகள் கழிந்தபின் முன்பு ஓதியதன் பொருளை உணர்வது அக்கல்வியின் போக்கு. செய்யுள் முதலில் செவியில் தங்கும். பொருள் பின்னர் வந்து சேரும். இது நெடுங்காலக் கல்விக்கு உரிய முறை. நெடுங்காலம் பயில இயலாதவனுக்குச் செவியில் தங்கியது மட்டுமே எஞ்சும்.

இவ்விடத்தில்தான் காம்பெல் அறிக்கையின் மற்றொரு பகுதி இன்றியமையாததாகின்றது. சில பிள்ளைகள் ஐந்தாண்டுகளே பயில்கின்றனர். வறுமையால் பெற்றோர் அழைத்துக்கொள்கின்றனர். அத்தகையோர்க்குக் கிட்டுவது கல்வியின் மேற்பூச்சே. வசதியுள்ளோர் பிள்ளைகள் பதினான்கு, பதினைந்து ஆண்டுகள்வரை பயில்வதும் உண்டு என்று அவரே எழுதுகின்றார். வறுமைக்குக் காரணத்தையும் மறைக்கவில்லை. ஐரோப்பியத் துணிகளின் வரவால் உள்நாட்டு நெசவு தாழ்ந்தமை, கம்பெனியின் படைகள் பல தொலைவிலுள்ள எல்லைகளுக்கு மாற்றப்பட்டமை, செல்வம் நாட்டைவிட்டு நீங்கியமை ஆகியவற்றைச் சுட்டி, குழந்தையின் மெல்லிய உறுப்புகள் உழைக்கத் தகுதி பெற்றவுடனே அவ்வுழைப்பு குடும்பத்துக்குத் தேவையாகிவிடுகின்றது என்கின்றார். 533 பள்ளிகளுள் ஒன்றேனும் அரசின் உதவி பெறவில்லை என்பதைச் சொல்ல நாணுவதாகவும் எழுதுகின்றார். கம்பெனி அதிகாரி ஒருவரின் எழுத்தில் இத்தகைய ஒப்புதல் அரிது. 1931ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனில் காந்தியடிகள் ஆங்கிலேயர் வருகைக்கு முன்னிருந்த கல்வி பற்றிப் பேசியதை ஒட்டி எழுந்த விவாதத்திலும், 1983இல் தரம்பால் இவ்வறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டபோதும், மிகுதியும் பேசப்பட்டது இப்பகுதியே.

பொருளறியா வாசிப்பையும் வறுமையையும் காம்பெல் தனித்தனிப் பத்திகளில் எழுதினார். அவற்றை ஒன்றாக வைத்துப் படிக்கும்போதுதான் சிக்கலின் உருவம் தெளிவாகின்றது. பொருள் பின்னர் வரும் என்னும் முறையில் பயின்ற பிள்ளை, பொருள் வருமுன் வயலுக்கோ தறிக்கோ சென்றுவிட்டான். இதற்கு ஆசிரியரின் தகுதியின்மை மட்டும் காரணமாகாது.

மன்றோவின் கணக்கு

1826ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் மன்றோ தம் முடிவுகளை எழுதினார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணாக்கர், மக்கள் தொகை 1,28,50,941. மேலோட்டமாக 67 பேருக்கு ஒருவர். பள்ளிப் பருவத்து ஆண்பிள்ளைகளை மட்டும் கணக்கில் கொண்டால் நான்கில் ஒரு பங்கினும் சற்று மிகுதி. வீட்டிலிருந்து பயில்வோரையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்பது அவர் மதிப்பீடு. அண்மைக்காலம் வரை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருந்த நிலையினும் இது மேலானது என்றும் குறித்தார்.

கல்வி தாழ்ந்திருப்பதற்கு அவர் கண்ட காரணங்களுள் ஆசிரியரின் வருவாய் முதன்மையானது. மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டாத தொழிலுக்குத் தகுதியுள்ளோர் வாரார் என்பது அவர் வாதம். எனவே சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றும் நடுவண் பள்ளி ஒன்று. ஒவ்வொரு கலெக்டரேட்டிலும் இந்துக்களுக்கு ஒன்றும் முசுலிம்களுக்கு ஒன்றுமாக இரு பெரும்பள்ளிகள். ஒவ்வொரு தாசில்தாரியிலும் ஒரு பள்ளி என அவர் திட்டம் வகுத்தார். கணக்கு எளிமையானது. 1820இல் தோன்றிய சென்னைப் பள்ளிநூற் கழகத்துக்கு மாதம் 700 ரூபாய். இதில் 500 கட்டடத்துக்கும் ஆசிரியர் ஊதியத்துக்கும், 200 அச்சகத்துக்கு. கலெக்டரேட் பள்ளிகள் 40, ஒவ்வொன்றுக்கும் 15 ரூபாய் வீதம் 600. தாசில்தாரிப் பள்ளிகள் 300, ஒவ்வொன்றுக்கும் 9 ரூபாய் வீதம் 2,700. ஆக மாதம் 4,000. ஆண்டுக்கு 48,000 ரூபாய். ஒன்பது ரூபாயோடு மாணவர் தரும் கட்டணமும் சேர்ந்தால் தாசில்தாரி ஆசிரியரின் நிலை ஸ்காட்லாந்து ஊர்ப்பள்ளி ஆசிரியரின் நிலையைவிட மேம்பட்டதாக இருக்கும் என மன்றோ நம்பினார். அவரே ஸ்காட்லாந்துக்காரர் என்பது இங்கு நினையத்தக்கது.

பாராட்டத்தக்க கூறு ஒன்று இத்திட்டத்தில் உண்டு. ஆசிரியர் தகுதியற்றவர் என்று பழிகூறி நில்லாமல், அவருக்கு ஊதியமும் பயிற்சியும் வேண்டும் என்று அரசின் பணத்தை எடுத்து வைத்த முயற்சி இது. குறை வேறிடத்தில் உள்ளது. 12,498 பள்ளிகளுக்கு 300 தாசில்தாரிப் பள்ளிகள் என்பது நூற்றுக்கு மூன்றினும் குறைவு. ஏற்கெனவே ஊர்தோறும் திண்ணையில் அமர்ந்து கற்பித்துக்கொண்டிருந்த பன்னீராயிரம் ஆசிரியர்கள் இத்திட்டத்தின் வட்டத்துக்குள் வரவேயில்லை. புதிய பள்ளிகள் முன்மாதிரியாக நின்றால் பழையவை தாமே திருந்தும் என்பது எதிர்பார்ப்பு. மேலும், குழந்தை பள்ளியில் தங்கும் காலத்தைக் கூட்ட இத்திட்டத்தில் ஏதும் இல்லை. காம்பெல் எழுதிய மூன்று குறைகளில் ஆசிரியரும் நூலும் ஏற்கப்பட்டன; வறுமை விடுபட்டது. நிலவரி வருவாயில் நடந்த அரசு அதனைத் தொட விரும்பாதது வியப்பன்று.

1826இலேயே பொதுக்கல்விக் குழு அமைக்கப்பட்டது. 1827ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், தத்த மண்டலங்களில் சுற்றுப்பயணம் செய்கையில் பத்திகொண்டா என்னும் ஊரில் மன்றோ வாந்திபேதியால் இறந்தார். 1828இல் இயக்குநர் அவை செலவுக்கு ஒப்புதல் அளித்தது. சில கலெக்டரேட் பள்ளிகளும் பல தாசில்தாரிப் பள்ளிகளும் திறக்கப்பட்டன. ஆனால் திட்டத்தைத் தாங்கி நடத்த மன்றோ இல்லை. பள்ளிகளைச் சென்று பார்ப்பார் இல்லை. 1830ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாளிட்ட இயக்குநர் அவையின் கடிதம், உயர்வகுப்பினரின் கல்வியே பெரும்பயன் விளைக்கும் என்று சென்னை அரசுக்கு அறிவுறுத்தியது. 1835இல் மெக்காலேயின் குறிப்பும் பெண்டிங்கின் தீர்மானமும் வந்தன. 1836இல் கலெக்டரேட், தாசில்தாரிப் பள்ளிகள் மூடப்பட்டன. முழுமையாக ஓராண்டுகூடத் திட்டமிட்ட அளவில் நடைபெறாத ஒன்றைத் தோல்வி என்று எழுதுவது கல்வி வரலாற்று நூல்களில் வழக்கமாகிவிட்டது. அம்முடிவை மறுஆய்வு செய்யவேண்டும்.

அதன் பின்னுள்ள நூற்றைம்பது ஆண்டுகளை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1854இன் உட் கல்வி அறிக்கையை அடுத்து 1856இல் சென்னையில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. 1860களில் மாணவரின் தேர்வு முடிவை ஒட்டி ஆசிரியருக்கு மானியம் அளிக்கும் முறை புகுந்தது. திண்ணை ஆசிரியர்களும் அதனுள் இழுக்கப்பட்டனர். ஆய்வாளர் முன்னிலையில் குறித்த பக்கத்தைத் தடுமாறாது வாசித்தால் காசு. அப்பக்கம் பிள்ளைக்குப் பொருள்பட்டதா என்பதற்குக் காசு இல்லை. காம்பெல் குறைகூறிய கிளிப்பிள்ளை வாசிப்பு அரசு விதியாகவே ஆயிற்று எனலாம்.

மதனப்பள்ளி, ஹெக்கடதேவனகோட்டை, சென்னை

மன்றோ ஆளுநராவதற்கு முன்னர், 1800 முதல் 1807 வரை, நிசாமிடமிருந்து பெற்ற தத்த மண்டலங்களின் முதன்மைக் கலெக்டராக இருந்தவர். பெல்லாரியும் கடப்பையும் அம்மண்டலத்தைச் சார்ந்தவை. பழைய கடப்பை ஜில்லாவின் வட்டமாகிய மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியின் ஊரகக் கல்வி மையத்தில், 1980களின் பிற்பகுதியில் ஒரு முயற்சி தொடங்கியது. பத்மநாப ராவ், இரமா இணையர் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை அமைத்தனர். பாடநூலுக்கு மாற்றாகச் சிறுசிறு அட்டைகள். அவை படிக்கட்டுபோல் வரிசைப்பட்டவை. ஒவ்வொரு குழந்தையும் தன் படியில் நிற்கும். கூலி வேலைக்கோ ஆடு மேய்க்கவோ சென்று பத்து நாள் கழித்துத் திரும்பும் பிள்ளை, விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். வகுப்பு அவனை விட்டு முன்னேறிப் போய்விடாது. பெல்லாரியில் திறத்தால் வகுப்பேறிய நான்கு பிரிவுகளையும் இதனையும் ஒரு மரபின் தொடர்ச்சி என்று கூறச் சான்று இல்லை. ஒப்புமை மட்டும் உண்டு. ஆயினும் காம்பெல் கண்ட, இடையில் நின்றுவிடும் பிள்ளையைக் கணக்கிற்கொண்டு வாசிப்புக் கல்வியை அமைத்த முயற்சி இது என்பது மறுக்கவியலாதது.

1995இல் மைசூர் மாவட்டத்தின் காட்டோர வட்டமாகிய ஹெக்கடதேவனகோட்டையிலிருந்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்றனர். யுனிசெஃப் துணை நின்றது. திரும்பிய ஆசிரியர்கள் தெலுங்கு அட்டைகளை அப்படியே பெயர்க்கவில்லை; தம் வட்டத்துப் பாடல்களையும் சொற்களையும் கொண்டு கன்னடத்தில் தாமே எழுதினர். ‘நலி கலி’ என்பது திட்டத்தின் பெயர். களித்துக் கல் என்பது பொருள். இதிலுள்ள கலி தமிழின் கல் என்பதற்கு இனமான வினை. நெடுங்கணக்கு வரிசை கைவிடப்பட்டது. ர, க, ஸ, த, அ என்று, உடனே சொற்கள் அமைவதற்கு இடந்தரும் எழுத்துகள் முன்வைக்கப்பட்டன. அகர வரிசையை முழுதும் மணலில் முடித்து உயிர்மெய்யையும் கடந்தபின்தான் பெல்லாரிக் குழந்தை தன் ஊர்ப்பெயரை எழுதிற்று. நலி கலிக் குழந்தை ஐந்து எழுத்துகளிலேயே சொல்லை அடைந்தது. தமிழில் ட, ப, ம, ய போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளிலிருந்து தொடங்கலாம் என்னும் கருத்தும் இவ்வகையினதே. ட-வுடன் ஒரு கோடு சேர ப. படம், பட்டம் என்னும் சொற்கள் உடனே கைகூடும். இது மரபுக்கு மாறு என்று வருந்தியோர் உண்டு. நெடுங்கணக்கு மொழியின் ஒலியமைப்பை விளக்கும் வைப்புமுறை. குழந்தையின் கை பழகும் முறை அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று இலக்கண நூல்கள் எதுவும் கூறவில்லை.

சென்னை மாநகராட்சியின் ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், முன்னர் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது குழந்தைத் தொழிலாளர்க்கான பள்ளிகளில் இம்முறையைக் கண்டவர். 2003இல் மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கு அனுப்பப்பட்டனர். முதலில் 13 பள்ளிகள். அடுத்து மாநகராட்சியின் 264 பள்ளிகள். 2007இல் மாநிலம் முழுவதுமாக முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள். செயல்வழிக் கற்றல் என்பது அதன் தமிழ்ப் பெயர்.

விரைவு பெரிது, அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 13 பள்ளிகளில் அட்டையை எழுதியவரும் அட்டையால் கற்பித்தவரும் ஒரே பணிச்சூழலில் இருந்தனர். மாநிலம் முழுவதற்கும் அச்சிட்ட அட்டைகள் வந்தபோது, அவை ஆசிரியர் கைக்கு ஆணையாக வந்தன. ஹெக்கடதேவனகோட்டை ஆசிரியர் தம் ஊர்ப் பாடலை அட்டையில் ஏற்றினார்; சேலத்து ஆசிரியர் சென்னையில் எழுதிய அட்டையின் வரிசை எண்ணைச் சரிபார்த்தார். பயிற்சியும் அவ்வாறே. ரிஷிவேலியில் ஆசிரியர் மற்றோர் ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து கண்டு கற்றார். பின்னர் அது படிப்படியாகக் கீழிறங்கும் விரிவுரைப் பயிற்சியாயிற்று. ஒரு படி இறங்குந்தோறும் வகுப்பறை தொலைவில் சென்றது. மன்றோவின் திட்டம் சிறிதாக இருந்ததால் ஊராசிரியரை எட்டவில்லை. இத்திட்டம் பெரிதானதால் அவரை எட்டியும் அவர் பேச்சைக் கேட்க இடமின்றிப் போயிற்று. இவ்விரண்டனுள் எது பெருங்குறை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. பன்னீராயிரம் பேரைக் காணாமலே விட்டதைவிட, அட்டையோடேனும் அவர்களிடம் சென்றது மேல் என்றே கொள்ளவேண்டும்.

2010களில் இம்முறை எளிமைப்படுத்தப்பட்டு, பாடநூல் மீண்டும் முதன்மை பெற்றது. 2021இல் நடுவண் அரசு, மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து வாசிக்கவேண்டும் என்னும் இலக்குடன் நிபுண் பாரத் திட்டத்தை அறிவித்தது. அதற்குரிய ஆண்டாக 2026-27 குறிக்கப்பட்டது. பெருந்தொற்றுக்காலப் பள்ளி மூடலின் பின் 2022இல் தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டு, 2023இல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. ஒரு வகுப்பிலுள்ள குழந்தைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு இதிலும் உண்டு.

மூன்றாம் வகுப்பு என்னும் எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது என்பது ஆராயத்தக்கது. இருபத்தாறு எழுத்துகளையுடைய மொழிகளில் நிகழ்ந்த ஆய்வுகளே அதற்குப் பெரிதும் அடிப்படை. கன்னடக் குழந்தைகளின் எழுத்தறிவை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, உயிர்மெய், கூட்டெழுத்து ஆகியவற்றைக் கைவரப் பெறுவது நான்காம் வகுப்பளவிலும் முற்றுப்பெறாது நீள்கின்றது எனக் காட்டியது. தமிழில் கூட்டெழுத்து இல்லையாயினும் உயிர்மெய் 216 உண்டு. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் அளவோ கன்னடத்தினும் குறைந்தது அன்று. பெல்லாரிப் பிள்ளை ஐந்தாண்டுகளில் பெற்றது மேற்பூச்சே என்று காம்பெல் எழுதினார்; நிபுண் பாரத் வகுத்த கால எல்லை அதனினும் இரண்டாண்டு குறைவு.